பிசினை நம்பி வாழும் குரங்கு

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். யாரோ ஒருவருடைய ஆள்காட்டி விரலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு ஒரு குரங்குக் குட்டி கண்களை உருட்டிப் பார்க்கிறது. தலை ஒரு நெல்லிக்காய் அளவுதான். கீழே அவளுடைய கேள்வி: "மாமா, இதற்கு விரல் குரங்கு என்று பெயராம். வாழைப்பழம் கொடுத்தால் போதுமாம். வீட்டில் வளர்க்கலாமா? என்ன விலை இருக்கும்?"

அவளுக்குப் பன்னிரண்டு வயது. கேட்டதில் தவறே இல்லை. இந்தக் குரங்கைப் பற்றித் தமிழில் சுற்றும் பெரும்பாலான செய்திகள் அந்த ஒரு விரலோடு முடிந்துவிடுகின்றன. "உலகின் மிகச் சிறிய குரங்கு", "பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம்" என்று இரண்டு வரி, ஒரு படம், அவ்வளவுதான். அது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, ஏன் அவ்வளவு சிறியதாக இருக்கிறது என்ற விவரம் எதிலும் இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்

இதன் பெயர் பிக்மி மார்மோசெட். தென் அமெரிக்காவில், அமேசான் மழைக்காட்டின் மேற்குப் பகுதியில் வாழ்கிறது. பிரேசில், பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா ஆகிய ஐந்து நாடுகளில் உண்டு. ஸ்பானிய மொழி பேசும் ஊர்களில் இதை 'லியோன்சிட்டோ' என்கிறார்கள். சிங்கக்குட்டி என்று பொருள். முகத்தைச் சுற்றிப் பிடரிபோல் நிற்கும் பழுப்பு முடியைப் பார்த்து வைத்த பெயர். 'விரல் குரங்கு' என்பதைவிட எனக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறது. விலங்கைப் பார்த்து வைத்த பெயர் இது. மற்றது, அதைப் பிடித்திருக்கும் மனிதனின் கையைப் பார்த்து வைத்தது.

1823ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்கையியலாளர் யொஹான் பாப்டிஸ்ட் ஃபொன் ஸ்பிக்ஸ் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்தது. இப்போது மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கிழக்கு இனத்துக்கு வயிறு வெளுத்திருக்கும். வாழ்க்கை முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இந்தக் கட்டுரையில் சேர்த்தே பேசுகிறேன்.

வளர்ந்த ஒன்றின் எடை 100 கிராமுக்குச் சற்று மேல். கையில் இரண்டு கோழிமுட்டைகளை வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தப் பாரம்தான். தலையும் உடலும் சேர்ந்து ஒரு சாண்கூட வராது, 12 முதல் 15 சென்டிமீட்டர். வால் அதைவிட நீளம். ஆகவே வீடியோவில் விரலைக் கட்டிக்கொண்டிருப்பது பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன குட்டி. வளர்ந்தது ஒரு விரலில் தங்காது.

இன்னொரு குழப்பம். 'உலகின் மிகச் சிறிய முதனி' என்று இதை எழுதுகிறார்கள். முதனி என்பது மனிதர், வாலில்லாக் குரங்குகள், குரங்குகள், தேவாங்குகள், லெமூர்கள் எல்லாரையும் உள்ளடக்கிய பெரிய குடும்பம். நம் கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர் மலைக்காடுகளில் இருக்கும் தேவாங்கும் முதனிதான், ஆனால் குரங்கு அல்ல. அதுபோல மடகாஸ்கரில் எலி லெமூர் என்றொரு முதனி உண்டு. அதன் ஓர் இனம் 30 கிராம்தான். ஆக, முதனிகளில் மிகச் சிறியது எலி லெமூர். குரங்குகளில் மிகச் சிறியது பிக்மி மார்மோசெட்.

பிசின், பால், குங்கிலியம்

இந்தக் குரங்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அது முதன்மையாகத் தின்பது மரப்பிசின். பழம் அதற்குத் தொடுகறி மாதிரி.

நேற்று இரவு நான்கு கட்டி பாதாம் பிசினை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வைத்தேன். போடும்போது கல்கண்டு மாதிரி கெட்டி, தேன் நிறம், தட்டினால் கிண்ணத்தில் கணீரென்று ஒலித்தது. காலையில் கிண்ணம் நிறையப் பனிக்கட்டிச் சீவல்போல் வீங்கி நின்றது. விரலால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது. சுவை என்று எதுவும் இல்லை. ஜிகர்தண்டாவில் வாய்க்குள் வழுவழுவென்று போகிறதே, அதுதான்.

மரத்திலிருந்து வடிவதையெல்லாம் நாம் பொதுவாகப் பிசின் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை ஒன்றல்ல. பலாக்காயை வெட்டினால் கையில் ஒட்டுவது பால். எண்ணெய் தடவாமல் போகாது. குங்கிலியம் தண்ணீரில் கரையாது, நெருப்பில் போட்டால் மணத்துப் புகையும். வேல மரத்திலும் முருங்கையிலும் வடிந்து காய்ந்து நிற்பதும் பாதாம் பிசினும் மூன்றாவது வகை. தண்ணீரில் கரையும் அல்லது வீங்கும். இந்த மூன்றாவது வகையைத்தான் இங்கே பிசின் என்கிறேன்.

அது வீங்குவதற்குக் காரணம் அதன் அமைப்பு. சர்க்கரைத் துகள்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. இப்படிப்பட்ட சங்கிலிக்குக் கூட்டுச் சர்க்கரை என்று பெயர். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் கூட்டுச் சர்க்கரைதான். அதன் கண்ணிகளை நம் வயிறு எளிதாக அறுத்துவிடும். பிசினின் கண்ணிகள் வேறு விதமாகப் பூட்டப்பட்டவை. அவற்றை அறுக்கும் கத்தரி நம்மிடம் இல்லை. அதனால் பாதாம் பிசின் நம் உடலில் பெரும்பாலும் நார்ச்சத்தாகவே போய்ச் சேர்கிறது.

மரம் எதற்காக இதைச் சுரக்கிறது? பட்டையில் காயம் பட்டால் அதை அடைக்கத்தான். நமக்கு ரத்தம் கட்டிப் புண் மூடுவதுபோல. ஆக, பிசின் வேண்டுமென்றால் யாராவது மரத்தைக் காயப்படுத்த வேண்டும். காயம் ஆறிவிட்டால் வரத்து நின்றுவிடும். தினமும் வேண்டுமென்றால் தினமும் காயத்தைப் புதுப்பிக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விடியுமுன் போய், பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லிய ஒரு சீவல் எடுப்பார்கள். அங்கே வடிவது பால், இங்கே வடிவது பிசின். வேலை ஒன்றுதான். அந்த ரப்பர் மரத்தின் தாயகமும் அமேசான் காடுதான்.

இதுவரை பார்த்தது: பிசின் என்பது மரம் தன் காயத்தை மூடச் சுரக்கும் கூட்டுச் சர்க்கரை. சத்து இருக்கிறது, ஆனால் இரண்டு பூட்டுகள் போட்டு இருக்கிறது. ஒன்று பட்டை. இன்னொன்று செரிமானம். இந்த இரண்டையும் திறக்கும் சாவிகள்தான் பிக்மி மார்மோசெட்டின் உடல்.

முதல் சாவி: பல்லும் நகமும்

நம் வாயில் முன்னால் இருக்கும் தட்டையான பற்கள் வெட்டுப்பற்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கூராக இருப்பவை கோரைப்பற்கள். பெரும்பாலான குரங்குகளுக்குக் கோரைப்பல் நீளம், வெட்டுப்பல் குட்டை. மார்மோசெட்டுகளுக்குக் கீழ்த்தாடையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆறு பற்களும் சேர்ந்து ஒரே அலகாக நிற்கின்றன.

அந்த வெட்டுப்பல்லைத் தச்சரின் உளியோடு ஒப்பிடலாம். பல்லின் மேல் போர்த்தியிருக்கும் கடினமான வெள்ளைப் பூச்சு எனாமல். மார்மோசெட்டின் கீழ் வெட்டுப்பல்லில் உதட்டுப் பக்கம் எனாமல் தடிமனாக இருக்கிறது. நாக்குப் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. சுரண்டச் சுரண்ட மென்மையான பக்கம் தேய்கிறது, கெட்டியான பக்கம் நிற்கிறது, விளிம்பு தானாகவே கூராகிக்கொண்டு போகிறது. அணிலின் பல்லிலும் இதே உத்திதான். அணிலுக்குப் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மார்மோசெட்டுக்கு வளராது.

வேலை நடக்கும் விதம் இப்படி. குரங்கு மரத்தண்டில் செங்குத்தாகத் தொற்றிக்கொள்ளும். மேல் பற்களைப் பட்டையில் ஊன்றும். வாயை அகலத் திறந்து, கீழ்த்தாடையை மேல்நோக்கி இழுத்துச் சுரண்டும். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு குழி உண்டாகும். பிசின் ஊறி வரும். நக்கிக் குடிக்கும். மறுநாளும் வந்து அதே குழியைக் கொஞ்சம் சுரண்டிவிடும், பக்கத்தில் இன்னொன்று தோண்டும். ஒரு குடும்பம் நெடுநாள் அண்டிப் பிழைத்த மரத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் இருப்பதுண்டு. பட்டை முழுக்க அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருக்கும்.

செங்குத்தான தண்டில் இவ்வளவு நேரம் தொற்றி நிற்க வேண்டுமே, வழுக்காதா? பெரும்பாலான பிற குரங்குகளுக்கு நம்மைப்போலத் தட்டை நகம். இதற்குக் காலின் பெருவிரல் தவிர மற்ற விரல்களிலெல்லாம் அணிலுடையதைப்போல வளைந்த கூர்நகம். அதைப் பட்டையில் ஊன்றித்தான் நிற்கிறது. 100 கிராம் உடலுக்கு அந்தப் பிடி போதும். ஐந்து கிலோ குரங்கு அப்படி நின்று சுரண்ட முடியாது.

குழியில் ஊறும் பிசினுக்கு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். வண்ணத்துப்பூச்சிகள் வரும். மார்மோசெட் பதுங்கியிருந்து அவற்றையும் பிடித்துத் தின்னும். டாமரின் என்ற உறவுக்காரக் குரங்குகளும் வரும். டாமரினுக்குப் பிசின் பிடிக்கும், ஆனால் கீழ் வெட்டுப்பல் குட்டை என்பதால் குழி தோண்ட முடியாது. அதனால் இந்தச் சின்னக் குரங்கு தோண்டி வைத்ததைத் தின்றுவிட்டுப் போகும்.

இரண்டாவது சாவி: குடல்

தோசை மாவு புளிப்பதை எண்ணிப் பாருங்கள். அரைத்து வைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரவு முழுக்க வேலை செய்கின்றன. சர்க்கரையை உடைத்துப் புளிப்பாகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. இதற்குத் தேவையானவை மூன்று: ஒரு பாத்திரம், கொஞ்சம் சூடு, நேரம்.

மார்மோசெட்டின் வயிற்றில் அந்தப் பாத்திரம் இருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பை உண்டு, பெருங்குடல்வாய் என்பார்கள். நமக்கு அது சிறியது. பிசின் தின்னும் இந்தக் குரங்குகளுக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அங்கே தங்கும் நுண்ணுயிர்கள்தான் நம்மிடம் இல்லாத அந்தக் கத்தரியை வைத்திருக்கின்றன. பிசின் சங்கிலியை அவை உடைத்துப் புளிக்கவைக்க, வெளிவரும் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது.

பிசினில் சர்க்கரையோடு கால்சியமும் நிறைய உண்டு. புரதம் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட வெட்டுக்கிளி, சிலந்தி போன்றவற்றைப் பிடித்துத் தின்கிறது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. எலும்பு வளர இரண்டும் அளவாகச் சேர வேண்டும். பிசினும் பூச்சியும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சுருக்கமாக: உளிப்பல் பட்டையைத் திறக்கிறது, கூர்நகம் தாங்கிப் பிடிக்கிறது, குடல் பிசினைப் புளிக்கவைக்கிறது, பூச்சி மீதிச் சத்தைக் கொடுக்கிறது.

சிறியது என்றால் பழையதா?

பரிணாமம் என்றதும் சிறியதிலிருந்து பெரியது, எளியதிலிருந்து சிக்கலானது என்று ஒரு படிக்கட்டைக் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தப் படிக்கட்டில் இந்தக் குரங்கை அடிப்படியில் உட்காரவைத்தவர்கள் உண்டு. அணில் நகம், சின்ன உடல், ஆகவே பழைய காலத்து மிச்சம் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

நடந்தது நேர்மாறு. இதன் முன்னோர்கள் இதைவிடப் பெரிய குரங்குகள், தட்டை நகம் உள்ளவை. தலைமுறை தலைமுறையாக இந்தக் கிளையில் உடல் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதோடு நகமும் மீண்டும் வளைந்து கூராகியிருக்கிறது. ஒரு மரம் ஒரு நாளில் கொடுக்கும் பிசின் கொஞ்சம்தான். பெரிய வயிறுள்ள குரங்குக்கு அது ஒரு வாய்க்குக்கூடப் போதாது. சிறிய வயிறு என்றால் ஒரு குடும்பமே அதில் நாளை ஓட்டலாம். பெரிய குரங்குகள் சீந்தாத உணவு, ஆண்டு முழுவதும் கிடைக்கும் உணவு. சிறுத்தது அதற்கு ஒரு பிழைப்பைத் திறந்துவிட்டது.

அதனால்தான் இதன் ஊரும் சிறியது. ஆற்றங்கரையிலும் வெள்ளம் ஏறி இறங்கும் காட்டிலும், ஒரு குடும்பம் பெரும்பாலும் ஓர் ஏக்கருக்குள், பல சமயம் அதிலும் குறைவான இடத்தில் வாழ்ந்துவிடும். நடுவில் ஒன்றிரண்டு பிசின் மரங்கள், அவற்றைச் சுற்றிக் கொடியும் புதரும். காலையில் எழுந்ததும் மரத்துக்குப் போகிறது. பகலில் பூச்சி தேடுகிறது. மாலையில் அடையுமுன் மீண்டும் மரத்துக்கு வருகிறது. மரம் வற்றத் தொடங்கினால் குடும்பம் மொத்தமும் வேறு மரத்துக்குக் குடிபெயரும்.

இரட்டைப் பிள்ளைகளும் மழலையும்

மார்மோசெட், டாமரின் வகைக் குரங்குகளில் இரட்டைப் பிரசவம்தான் வழக்கம். ஒரு குட்டி ஏறத்தாழ 15 கிராம். இரண்டும் சேர்ந்தால் தாயின் எடையில் கால் பங்கு. 60 கிலோ எடையுள்ள பெண் 15 கிலோ பிள்ளைச் சுமை சுமப்பதற்குச் சமம். அதன் பிறகு பால் கொடுக்க வேண்டும், தானும் பிசின் தேட வேண்டும். தனியாக முடிகிற காரியமா? அதனால் தகப்பனும் அண்ணன் அக்காக்களும் குட்டிகளை முதுகில் தூக்கிச் சுமக்கிறார்கள். இரண்டு முதல் ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தில் குட்டி போடுவது பொதுவாக ஒரே ஒரு பெண். மற்றவர்களின் வேலை வளர்ப்பது.

கருவில் இருக்கும்போதே இரட்டையர் இருவரின் ரத்த ஓட்டமும் இணைந்துவிடுகிறது. ஒன்றின் உயிரணுக்கள் மற்றதன் உடலுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. பிறந்த பிறகும் ஒவ்வொன்றின் ரத்தத்திலும் தன் உடன்பிறப்பின் அணுக்கள் ஓடுகின்றன. ஓர் உடலுக்குள் இரண்டு உயிர்களின் அணுக்கள் கலந்திருக்கும் இந்த நிலைக்குக் கைமெரா நிலை என்று பெயர்.

குட்டிகள் மழலை பேசும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வளர்ந்த மார்மோசெட்டுகள் இலைகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் காண முடியாததால் ஓயாமல் குரல் கொடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தால் வாய் திறக்காத மெல்லிய நடுக்கொலி. தூரம் போகப் போக, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிதான வேறொரு குரல். குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே இந்தக் குரல்களையெல்லாம் கலந்துகட்டி, பொருள் இல்லாமல், தொடர்ந்து பாடித் தள்ளுகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்னோடன் குழுவினர் இதைப் பதிவு செய்து, 1998இல் மனிதக் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டு எழுதினார்கள். மழலை பேசும் குட்டியிடம் பெரியவர்கள் வந்து தூக்கிக்கொள்வதையும் அவர்கள் கவனித்தார்கள். ஈக்வடாரில் ஸ்டெல்லா டி லா டோரே என்ற ஆய்வாளர் காட்டுக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து, இடத்துக்கு இடம் குரலில் வட்டார வழக்கு இருப்பதைக் காட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால்

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்னும் மார்மோசெட்டுக்குப் பிசினின் கால்சியம் கிடைப்பதில்லை. கால்சியம் கிடைத்தாலும் அதை எலும்பில் சேர்க்க வைட்டமின் டி3 வேண்டும். அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளுக்கு அது மற்ற குரங்குகளைவிட அதிகமாகவே தேவை. காட்டில் வெயில்பட்டுத் தோலிலேயே உண்டாகிவிடும். ஜன்னல் கண்ணாடி அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு வெயில் காய்ந்தாலும் பயன் இல்லை. எலும்பு மெலிந்து வளைகிறது, சிறிய தாவலில்கூட முறிகிறது. வீடியோவில் 'சமர்த்தாக' அசையாமல் இருக்கும் சில குரங்குகள் வலியில் அசையாமல் இருக்கின்றன. அதை மனது பொறுக்காமல்தான் சொல்கிறேன்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனங்களை 'அழிவாய்ப்புள்ளவை' என்று வகைப்படுத்தியிருக்கிறது. காடு அழிவது ஒரு காரணம், வளர்ப்புக்காகப் பிடிப்பது இன்னொன்று. நாடுகளுக்கிடையே இவற்றை விற்பது சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. இந்தியாவிலும் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அப்படியும் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவந்த அயல்நாட்டு விலங்குகள் பிடிபடும் செய்தி நின்றபாடில்லை.

இதையெல்லாம் அவளிடம் போனில் சொன்னேன். குட்டி ஏன் விரலைக் கட்டிக்கொள்கிறது என்றும் சொன்னேன். அந்த வயதில் அது நாள் முழுக்கப் பற்றிக்கொண்டிருக்க வேண்டியது தகப்பனின் முதுகு முடியை. கையில் எது அகப்பட்டாலும் அப்படித்தான் பிடிக்கும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "மாமா, இரட்டையாகத்தான் பிறக்கும் என்றீர்களே. வீடியோவில் ஒன்றுதானே இருக்கிறது. இன்னொன்று எங்கே?"